கரும்புகைக்குப் பின்னால் ஒரு காற்றுக் கணக்கு

தெருவில் குடிநீர்க் குழாய் பதிக்க ஜேசிபி வந்து நின்றால் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். பக்கெட் மண்ணைக் கவ்வும் நொடியில் புகைக்குழாயிலிருந்து குப்பென்று கரும்புகை கிளம்பும். இரண்டு நொடிக்குள் அது வெளிறிக் காணாமல் போகும். பக்கெட் மேலேறி மண்ணைக் கொட்டும்போது புகையே இருக்காது. அடுத்த முறை கவ்வும்போது மறுபடி அதே குப். பக்கத்தில் போகும் பெட்ரோல் கார் எவ்வளவு மிதித்தாலும் இப்படிக் கக்குவதில்லை. ஏன்?

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் ஸ்பானர் பெட்டியைத் திறப்பதற்கு முன் அந்தப் புகைக்குழாயைத்தான் பார்க்கிறார்கள். புகை எப்போது வருகிறது, என்ன நிறம், எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்கிறார்கள். இது கைப்பழக்கம் மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அதற்குள் கறாரான வேதியியல் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், பல லட்சம் ரூபாய் எந்திரத்தின் கோளாறைப் பாதிக்கு மேல் கழற்றாமலே கண்டுபிடிக்க முடிவது ஏன் என்பதும் விளங்கும்.

தீப்பொறி இல்லாத நெருப்பு

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை வேகமாக அமுக்கினால் அது சூடாகும் என்பதே காரணம். டீசல் இன்ஜின் முழுவதும் இந்த ஓர் இயல்பை நம்பி நிற்கிறது. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் பதினாறில் ஒரு பங்கு, பதினெட்டில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. இந்த அளவை அமுக்க விகிதம் என்பார்கள். நெருக்கப்பட்ட காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். டீசல் தானாகத் தீப்பிடிக்க அதில் பாதி வெப்பமே போதும். அந்தக் கொதிக்கும் காற்றில் டீசலைப் பனித்துளியைவிட நுண்ணிய தூவலாக நாசில் வழியே பீய்ச்சினால் உடனே பற்றிக்கொள்கிறது. ஸ்பார்க் பிளக் தேவையில்லை.

பாரிஸில் 1858இல் பிறந்த ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல், 1893இல் ஆக்ஸ்பர்க் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் இதைச் சோதிக்கத் தொடங்கினார். 1897இல் நடந்த முறையான சோதனையில் அவருடைய இன்ஜின் எரிபொருளின் ஆற்றலில் 26.2 சதவீதத்தை வேலையாக மாற்றிக் காட்டியது. அன்றைய நீராவி இன்ஜின்கள் பெரும்பாலானவற்றால் அதில் பாதியைக்கூட எட்ட முடியவில்லை.

ஸ்பார்க் பிளக் இல்லை என்பதிலிருந்தே மெக்கானிக்குக்கு முதல் துப்பு கிடைக்கிறது. அமுக்கம் சரியில்லையென்றால் சூடு இல்லை. சூடு இல்லையென்றால் நெருப்பு இல்லை. காலையில் சாவியைத் திருப்பியதும் இரண்டு சுற்றில் பிடித்துக்கொள்ளும் இன்ஜினில் பிஸ்டன் ரிங்குகளும் வால்வுகளும் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஆகவே "காலையில ஸ்டார்ட்டிங் எப்படி?" என்ற கேள்வியே பாதி கம்ப்ரஷன் சோதனை ஆகிவிடுகிறது.

ஒரு லிட்டருக்குப் பத்தாயிரம் லிட்டர்

டேங்கில் ஊற்றும் டீசலை எல்லோரும் அளக்கிறார்கள். அதைவிடப் பல மடங்கு செலவாகும் இன்னொரு பொருள் ஓசியில் கிடைப்பதால் கணக்கில் வருவதில்லை. ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ பதினாலரை கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்று. ஆறரை அடி நீளம், ஆறரை அடி அகலம், எட்டடி உயரம் உள்ள ஓர் அறையை நிரப்பும் காற்று அது.

அதுவும் குறைந்தபட்சக் கணக்குதான். 1,800 சுற்றில் ஓடும் இன்ஜினில் டீசல் பீய்ச்சப்படும் நேரம் ஒரு நொடியில் நானூறில் ஒரு பங்கு அளவுதான். அந்தக் கண நேரத்தில் டீசலின் ஒவ்வொரு துளியும் தனக்கான ஆக்சிஜனைத் தேடிப் பிடிக்க வேண்டும். எல்லாத் துளிக்கும் அது வாய்க்காது. எனவே டீசல் இன்ஜினுக்குத் தேவைக்கு மேல் காற்று கொடுத்தே ஆக வேண்டும். தேவையின் ஒன்றேகால் மடங்குக்குக் கீழே காற்று இறங்கினால், ஆக்சிஜன் கிடைக்காத இடங்களில் டீசலிலுள்ள கார்பன் எரியாமல் துகளாகத் திரண்டுவிடும். அதுதான் கரி. அதுதான் கரும்புகை.

பெட்ரோல் காரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதலில் திறப்பது காற்றின் வழி. உள்ளே வந்த காற்றுக்கு ஏற்பவே பெட்ரோல் சேர்க்கப்படுகிறது. டீசலில் முறை தலைகீழ். காற்றின் வழி எப்போதும் திறந்தே இருக்கும். வேலைப்பளு ஏறினால் டீசல் மட்டும் கூடும். பக்கெட் பாறையில் முட்டி இன்ஜினின் வேகம் சற்றுக் குறைந்ததும், கவர்னர் என்ற பாகம் அதை உணர்ந்து பம்பிலிருந்து கூடுதல் டீசலை அனுப்புகிறது. இது உடனே நடந்துவிடும். கூடுதல் காற்றைத் தர வேண்டியது டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தால் சுழலும் ஒரு சக்கரம், அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தைச் சுழற்றிக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அப்படித் தள்ளப்படும் காற்றின் அழுத்தத்தை ஊட்டழுத்தம் எனலாம். பட்டறையில் அதற்கு 'பூஸ்ட்' என்று பெயர். புகை கூடினால்தான் டர்போ வேகமெடுக்கும், டர்போ வேகமெடுத்தால்தான் காற்று கூடும். இதற்கு ஓரிரு நொடி பிடிக்கிறது. டீசல் முந்திவிட்டது, காற்று பிந்திவிட்டது. ஜேசிபி கக்கும் அந்தக் குப், இந்த இடைவெளியின் புகை.

வந்து மறையும் புகை நோயல்ல. வந்து நிற்கும் புகைதான் நோய்.

இழுவை போன ஒரு வண்டி

கல்குவாரியில் டிப்பர்களுக்குப் பாறை அள்ளிப் போடும் ஒரு 20 டன் எந்திரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். எந்த நிறுவனம் செய்திருந்தாலும் ஊரில் அதற்கு ஹிட்டாச்சி என்றுதான் பெயர். செய்தித்தாள்கள் பொக்லைன் என்று எழுதும். ஆறு சிலிண்டர், ஆறு லிட்டர் கொள்ளளவு, சுமார் 150 குதிரைத்திறன். பம்ப் பழைய வகை. காற்று எவ்வளவு வருகிறது என்று பாராமல், கவர்னர் கேட்ட டீசலைக் கொடுத்துவிடும்.

ஆபரேட்டரின் புகார் மூன்று. புல்லிங் இல்லை. லோடில் புகை நிற்காமல் கருப்பாக வருகிறது. டீசல் கூடக் குடிக்கிறது. இதைக் கேட்டதும் பலர் தரும் பதில், "நாசில் போயிருக்கும், பம்ப்பைக் கழற்றி பெஞ்சுல போடணும்" என்பது. கழற்றினால் வண்டி குறைந்தது இரண்டு மூன்று நாள் நிற்கும். டிப்பர்களும் நிற்கும்.

கழற்றுவதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். 1,800 சுற்றில் இந்த இன்ஜின் நிமிடத்துக்கு 5,400 லிட்டர் காற்றை இழுக்கும் இடம் கொண்டது. மணிக்கு 3,24,000 லிட்டர். டர்போ காற்றை இரட்டிப்பாக அடைக்கிறது என்றால், சூடேறுவதாலும் வழித்தடையாலும் போகும் இழப்பைக் கழித்து மணிக்குச் சுமார் 5 லட்சம் லிட்டர் காற்று உள்ளே போகும். முழு லோடில் இது மணிக்கு 28 லிட்டர் டீசல் எரிக்கும் என்று வைத்தால் குறைந்தபட்சத் தேவை 2,80,000 லிட்டர் காற்று. கையிருப்பு அதைப்போல ஒன்றே முக்கால் மடங்கு. புகை வரக் காரணமே இல்லை. டர்போ தள்ளும் காற்று வழியில் எங்கோ போய்விட்டால்? அதே இழப்புகளைக் கழித்தால் உள்ளே வருவது 3 லட்சத்துக்குள் அடங்கிவிடும். தேவைக்குச் சரியாக இருக்கும், உபரி இருக்காது. கரும்புகை நிச்சயம். எரியாத டீசல் வேலை செய்யாது என்பதால் இழுவை குறையும். இழுவை குறைந்தால் ஆபரேட்டர் இன்னும் அதிகமாக லிவரை இழுப்பார், டீசல் செலவு ஏறும். மூன்று புகாருக்கும் ஒரே வேர் இருக்க முடியும் என்று இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

இனி கேள்விகள். இழுவைக் குறைவோடு புகை இருக்கிறதா, இல்லையா என்பதே எல்லாவற்றிலும் கூர்மையான கேள்வி. டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இழுவை போகும். ஆனால் அப்போது சிலிண்டருக்குப் போகும் டீசலே குறைவு என்பதால் புகை வராது. புகையில்லாமல் இழுவை போனால் டீசல் பற்றாக்குறை. கரும்புகையோடு இழுவை போனால் காற்றுப் பற்றாக்குறை. இந்த ஒரே கேள்வி, டேங்க் முதல் பம்ப் வரையுள்ள குழாய், ஃபில்டர், ஏர் லாக் அத்தனையையும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது.

அடுத்தது, ஐடிலிங்கில் எப்படி? சும்மா ஓடும்போது சீராக, புகையில்லாமல் ஓடுகிறது. ஒரு நாசில் ஒழுகினால் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் தட்டும், ஐடிலிங்கிலேயே ஆட்டம் தெரியும். ஆறும் ஒன்றுபோல நோய்ப்பட்டிருக்கின்றன என்றால், கோளாறு ஆறுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. எப்போதிலிருந்து? இரண்டு நாளாகத்தான், திடீரென்று. பம்ப் தேய்மானம் மாதக்கணக்கில் மெல்ல வரும். ஏர் ஃபில்டர் அடைப்பும் அப்படித்தான். திடீரென்று வருவது கிழிசல், கழன்ற கிளாம்ப், உடைந்த பாகம்.

இன்னொரு சந்தேகத்தைத் தீர்க்காமல் விடக்கூடாது. இந்த எந்திரத்தில் இன்ஜினின் பலம் முழுவதும் ஹைட்ராலிக் பம்ப்புகள் வழியாகத்தான் கைக்கும் பக்கெட்டுக்கும் போகிறது. அந்தப் பம்ப்புகள் தம் அளவை மீறி இன்ஜினை அழுத்தினாலும் சுற்று இறங்கிப் புகை வரும். இன்ஜின் கோளாறா, ஹைட்ராலிக் கோளாறா என்ற தகராறு பல பட்டறைகளில் நாள்கணக்கில் நடப்பதுண்டு. இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு சாதாரண பிரஷர் கேஜை மாட்டினால் தகராறு முடிந்துவிடும். பக்கெட்டை முழுக்க மடக்கி லிவரைப் பிடித்துக்கொண்டு இன்ஜினுக்கு முழு லோடு கொடுக்கிறார்கள். ஊட்டழுத்தம் 1 பார் அளவில் இருந்தால் டர்போ தன் வேலையைச் செய்கிறது, தேட வேண்டிய இடம் ஹைட்ராலிக். இங்கே முள் 0.3ஐத் தாண்டவில்லை. கணக்கு சொன்ன இடத்திலேயே கேஜும் விரலை நீட்டுகிறது.

காற்று எங்கே போகிறது? ஏர் கிளீனரில் உள்ள அடைப்புக் காட்டி சிவப்புக்கு வரவில்லை. உள்ளே வரும் வழி அடைபடவில்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மூட்டுகளில் கரிக்கோடு இல்லை; டர்போவைச் சுழற்ற வேண்டிய புகை வழியில் கசியவில்லை. டர்போவின் தண்டு கையால் திருப்ப இலகுவாகச் சுற்றுகிறது, ஆட்டமில்லை. மிஞ்சுவது டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்கு வரும் பாதை. அங்கே ஒரு ரப்பர் ஹோஸின் வளைவில், கிளாம்புக்கு அடியில், எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருக்கிறது. டர்போவிலிருந்து வரும் காற்றில் எப்போதும் கொஞ்சம் எண்ணெய் ஆவி கலந்திருக்கும்; கசியும் இடத்தில் அது ஈரமாகப் படியும், தூசி அதில் ஒட்டும். ஐடிலிங்கில் அந்தக் கிழிசல் வாயை மூடிக்கொள்கிறது. லோடு ஏறி அழுத்தம் கூடியதும் திறந்துகொண்டு சீறுகிறது. சோப்பு நீரைத் தடவிப் பார்த்தால் நுரை கொப்புளிக்கும்.

ஒரு ஹோஸ், இரண்டு கிளாம்ப். மதியத்துக்குள் வண்டி மறுபடி வேலைக்குப் போய்விடும். இதைக் கவனிக்காமல் புகையோடே ஓட்டியிருந்தால், பற்றாத காற்றில் எக்ஸாஸ்ட் வெப்பம் எகிறி, வால்வு, பிஸ்டன் தலை, டர்போ என்று ஒவ்வொன்றாகப் பலியாகியிருக்கும். பம்ப்பைக் கழற்றியிருந்தால் செலவும் ஆகி, புகையும் அப்படியே இருந்திருக்கும்.

கிழிசல் டர்போவுக்கு முன்னால் இருந்தால்

அதே அளவு கிழிசல், ஏர் கிளீனருக்கும் டர்போவுக்கும் இடையில் உள்ள குழாயில் விழுந்தால் கதையே வேறு. அங்கே காற்று வெளியே போகாது, உள்ளே இழுக்கப்படும். புகை இல்லை, இழுவை குறையவில்லை, ஆபரேட்டருக்கு எந்தப் புகாரும் இல்லை. ஆனால் ஃபில்டரைத் தொடாமல் குவாரித் தூசி நேராகச் சிலிண்டருக்குள் போகிறது. சென்னையை ஒட்டிய பல்லாவரத்து சார்னோக்கைட் போன்ற பாறைகளில் குவார்ட்ஸ் உண்டு. அது சிலிண்டரின் வார்ப்பிரும்பு லைனரைவிடக் கடினமானது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்கள் எண்ணெய்ப் படலத்தில் கலந்து ரிங்கையும் லைனரையும் ஓயாமல் தேய்க்கின்றன. சத்தமில்லாமல் கொல்லும் இந்தக் கிழிசல்தான் இரண்டிலும் கொடியது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஃபில்டருக்குப் பின்னுள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பது. துணியில் தூசி வந்தால் எங்கோ ஓட்டை. இன்னும் ஆழமான வழி, இன்ஜின் ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்புவது. அமெரிக்க ரயில் நிறுவனங்கள் 1940களிலேயே தம் டீசல் இன்ஜின்களுக்கு இந்த முறையைக் கையாளத் தொடங்கின. ஆயிலில் கலந்து மிதக்கும் உலோகங்களின் அளவைப் பார்த்தால் உள்ளே எது தேய்கிறது என்று தெரியும். இரும்பு கூடினால் லைனர் போன்ற பாகங்கள். செம்பும் ஈயமும் கூடினால் பேரிங். சோடியம் கூடினால் கூலன்ட் கலந்திருக்கலாம். சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்து ஏறினால் அது மண் தூசி, ஏனென்றால் மண்ணிலும் பாறையிலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். சிலிக்கான் மட்டும் ஏறியிருந்தால் பதறத் தேவையில்லை. புதிதாகப் போட்ட கேஸ்கட் பசையிலிருந்தும் அது வரும். ஒரே ஒரு சோதனை அதிகம் சொல்லாது. 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றும்போதெல்லாம் மாதிரி எடுத்து, எண்கள் ஏறுகின்றனவா என்று தொடர்ந்து பார்க்க வேண்டும்.

ஃபில்டரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அழுக்காகத் தெரிகிறதே என்று தினமும் கழற்றி டயரில் தட்டி மாட்டுவதும், கம்ப்ரஸர் காற்றால் ஊதுவதும் பல சைட்டுகளில் வழக்கம். தட்டினால் ஓரத்து சீல் நசுங்கும்; ஊதினால் காகிதத்தில் ஊசித்துளைகள் விழும்; ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் தூசி சுத்தமான பக்கத்தில் விழும். கொஞ்சம் தூசி படிந்த ஃபில்டர் புதியதைவிட நன்றாக வடிகட்டும், படிந்த தூசியே ஒரு வடிகட்டியாகிவிடுவதால். அடைப்புக் காட்டி சிவப்பைத் தொடும்வரை அதை விட்டுவைப்பதே இன்ஜினுக்குச் செய்யும் நன்மை.

வெள்ளையும் நீலமும்

வெண்புகை இரண்டு வகை. ஊட்டிக் குளிரில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வருவது, சூடு பற்றாமல் ஆவியாகிப் போன டீசல். கண்ணைக் கரிக்கும், இன்ஜின் சூடானதும் நின்றுவிடும். சூடான பிறகும் நிற்காவிட்டால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியவில்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையிலும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினால், வெப்பம் குறைந்த கிளை ஆளைக் காட்டிக்கொடுக்கும். வெண்புகையில் இனிப்பு வாடையும், ரேடியேட்டரில் தண்ணீர் இறக்கமும் சேர்ந்திருந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது லைனர் வழியாகக் கூலன்ட் உள்ளே போகிறது.

நீலப்புகை என்றால் வண்டி ஆயில் குடிக்கிறது. ரிங் தேய்ந்திருந்தால் சிலிண்டரின் அழுத்தம் கீழே கசிந்து ஆயில் அறைக்கு வரும். இதைக் கசிவளி எனலாம். பட்டறையில் 'ப்ளோ பை'. ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகாமல் கவிழ்த்து வைத்துப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் சோதனை. கசிவளி அதிகமென்றால் மூடி துள்ளும். துள்ளாமல் கிடந்தும் நீலப்புகை வந்தால், ரிங்கை விட்டு டர்போவின் ஆயில் சீலையும் வால்வு சீல்களையும் பார்க்கலாம்.

புகையை மறைக்கும் புது இன்ஜின்கள்

2021 ஏப்ரல் முதல் இந்தியாவில் சக்கரம் பூட்டிய கட்டுமான எந்திரங்களுக்குப் பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதி வந்தது. ஜேசிபி வகை எந்திரங்களில் காமன் ரெயில் முறை பரவியது. எல்லா நாசில்களுக்கும் பொதுவான ஒரு தடித்த குழாயில் 1,600 பாருக்கும் மேலான அழுத்தத்தில் டீசல் காத்திருக்கும். எப்போது, எவ்வளவு திறப்பது என்பதைக் கணினி முடிவு செய்யும். ஊட்டழுத்தத்தை அளக்கும் சென்சாரும் உண்டு. குவாரி வண்டிக்கு நேர்ந்த அதே ஹோஸ் கிழிசல் இதில் நேர்ந்தால் கரும்புகை வராது. காற்று குறைந்ததைக் கணினி அறிந்து டீசலையும் குறைத்துவிடும். இழுவை மட்டும் போகும். புகையில்லாத இழுவைக் குறைவு என்றால் டீசல் பற்றாக்குறை என்ற பழைய விதி இங்கே ஆளை ஏமாற்றும்.

பதிலுக்குக் கணினி ஒரு கோளாறு எண்ணைக் காட்டும்: ஊட்டழுத்தம் குறைவு என்று. அதைப் பார்த்ததும் சென்சாரை மாற்றுபவர்கள் ஏராளம். சென்சார் பொய் சொல்லவில்லை. அது அளந்ததைச் சொன்னது. ஏன் குறைந்தது என்பது அதற்குத் தெரியாது. பழைய கேஜை மாட்டி அளந்து, கேஜும் சென்சாரும் ஒத்துப்போனால் ஹோஸைத் தேட வேண்டும்; ஒத்துப்போகாதபோதுதான் சென்சாரை மாற்ற வேண்டும்.

பழைய பழக்கம் ஒன்றை மட்டும் இந்த இன்ஜின்களில் அடியோடு விட்டுவிட வேண்டும். எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, ஓடும் இன்ஜினில் நாசில் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திச் சத்தம் மாறுகிறதா என்று கேட்பார்கள். 1,600 பாரில் பீறிடும் டீசல் இழை கையுறையையும் தோலையும் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே தெரிவது ஒரு சிறு புள்ளிதான், வலியும் முதலில் இருக்காது; ஆனால் அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். புது வண்டியில் அதே சோதனையை லேப்டாப்பிலிருந்தே, ஒவ்வொரு நாசிலாக நிறுத்திச் செய்துகொள்ள முடியும்.

2025 ஜனவரி முதல் ஸ்டேஜ் 5 விதி நடைமுறைக்கு வந்தது. இவ்வகை இன்ஜின்கள் பலவற்றில் புகைக்குழாய்க்குள்ளேயே ஒரு கரிவடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அவ்வப்போது 600 டிகிரி அளவு சூடேற்றி அது எரித்துவிடும். இனிக் காற்றுப் பற்றாக்குறையால் கொஞ்சம் கரி கூடினால் அது வெளியே தெரியாது. வடிகட்டி வழக்கத்தைவிட அடிக்கடி தன்னை எரித்துக்கொள்ள நேரும். இரண்டு எரிப்புகளுக்கு இடையில் எத்தனை மணி நேரம் என்பது எந்திரத்தின் பதிவில் இருக்கும். அந்த இடைவெளி ஒவ்வொரு வாரமும் சுருங்கிக்கொண்டே வந்தால், வடிகட்டியைக் கழற்றுவதற்கு முன் மெக்கானிக் தொட்டுப் பார்க்க வேண்டியது டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலுள்ள ரப்பர் ஹோஸை.